பதினோராவது குரோமோசோமிலிருந்து கூடலூர் வரை

வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், ஃபிரிட்ஜிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து லேபிளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயர், 40 ஐ.யு. என்ற அளவு, காலாவதித் தேதி ஆகியவற்றுக்கு நடுவே பொடி எழுத்தில் ‘ஆர்-டி.என்.ஏ. ஆரிஜின்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். மனித இன்சுலினுக்கான மரபணுச் செய்தியை ஒரு நுண்ணுயிரிக்குள் வைத்து, அந்த நுண்ணுயிரியைக் கொண்டே இந்த மருந்தைச் செய்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். மரபணுப் பொறியியல் நாட்டுக்குத் தேவையா இல்லையா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, கோடிக்கணக்கான மனிதர்கள் சாப்பாட்டுக்கு முன்பு அதன் விளைபொருளைத்தான் தங்கள் வயிற்றில் குத்திக்கொள்கிறார்கள்.

2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இவர்களில் இன்சுலின் இல்லாமல் வாழ முடியாதவர்களுக்கு, ‘மரபணு மாற்றம் ஆதரவா, எதிர்ப்பா?’ என்ற கேள்வியே பொருந்தாது. ஆனால், அதே தொழில்நுட்பம் விதைப் பாக்கெட்டில் வந்தபோது மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் நடந்தது வேறு. எந்த மரபணு, எந்த உயிருக்குள், யார் பிடியில், என்ன விலைக்கு என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மொத்தமாக ஏற்பதும் மொத்தமாக மறுப்பதும் இந்த நான்கையும் கேட்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள்.

மூன்று மூன்று எழுத்துகளாக

முதலில், இது எப்படி நடக்கிறது?

நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் டி.என்.ஏ. இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நான்கு வேதிப்பொருள்கள் சுமார் 300 கோடி இணைகளாக வரிசையில் அமைந்த இரட்டை இழை அது. இழை நெடுக, புரதங்களைச் செய்வதற்கான செய்திகள் அங்கங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பகுதிக்குத்தான் மரபணு என்று பெயர். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் மனிதரிடம் சுமார் 20,000. செல் அந்தச் செய்தியை மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கும். ஜி-ஏ-ஜி என்று வந்தால் குளூட்டாமிக் அமிலம். ஜி-டி-ஜி என்று வந்தால் வேலின். இப்படி மூன்றெழுத்துக்கு ஒன்றாக அமினோ அமிலங்களைக் கோத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது புரதம். இந்த இரண்டு மூன்றெழுத்துகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு நோயே இவற்றுக்கு இடையில்தான் இருக்கிறது.

எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்பதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், ராய்ப்பூர் என்ற சிற்றூரில், கிராமக் கணக்கர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1968-இல் அந்தப் பணிக்காக நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர்கள் கண்டதில் நம் கதைக்கு முக்கியமானது ஒன்று: இந்த வாசிப்பு விதி, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, எல்லா உயிர்களுக்கும் பொது. வாழையும் யானையும் நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவும் ஜி-ஏ-ஜி என்பதை ஒரே மாதிரிதான் வாசிக்கின்றன. ஆகவே மனிதச் செய்தியைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது யாருடைய செய்தி என்று கேட்காமல், சொன்ன புரதத்தைச் செய்துகொடுக்கும். மரபணுப் பொறியியல் முழுவதும் நிற்பது இந்த ஒரு பொதுத்தன்மையின் மேல்தான்.

செய்தியை எடுத்து வைக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். இரண்டுக்குமான கருவிகள் இயற்கையிலேயே இருந்தன. பாக்டீரியாக்களை வைரஸ்கள் தாக்கும். அந்த வைரஸின் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் வெட்டிப்போடும் நொதிகளை பாக்டீரியாக்கள் வைத்திருக்கின்றன. ஈகோ-ஆர்-1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று வரும் இடத்தில் மட்டும் வெட்டும். ‘விகடகவி’யை எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் விகடகவி என்றே வருவதைப் போல, அந்த இடத்தில் மேல் இழையை இடமிருந்து வலமாகவும் கீழ் இழையை வலமிருந்து இடமாகவும் படித்தால் ஒரே ஆறு எழுத்துகள் வரும். அதனால் நொதி இரண்டு இழைகளையும் ஒரே விதமாக, ஆனால் நேர்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனைகளில் நான்கு எழுத்து நீளத்துக்கு ஒற்றை இழை நீட்டிக்கொண்டு நிற்கும். தவளையின் டி.என்.ஏ.வையும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் அதே நொதியால் வெட்டினால் இரண்டின் முனைகளும் தாமாகவே பொருந்திக்கொள்ளும். லிகேஸ் என்ற இன்னொரு நொதி அந்தப் பொருத்தத்தை நிரந்தரமாக்கும். இந்த வெட்டும் நொதிகளைக் கண்டறிந்த ஆர்பர், நேத்தன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருக்கு 1978-இல் நோபல் கிடைத்தது.

ஒட்டிய துண்டைப் பாக்டீரியாவுக்குள் எப்படிச் செலுத்துவது? இன்று நம்மூர்க் கல்லூரிகளிலேயே முதுகலை உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள் செய்கிற சோதனை இது. கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறிய பாக்டீரியாக்கள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாயை ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைக்கிறார்கள். அதில், அந்தத் துண்டைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டி.என்.ஏ.வைச் சில துளி சேர்க்கிறார்கள். அரை மணி கழித்துக் குழாயை 42 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பிடித்துவிட்டு, மறுபடி ஐஸில் வைக்கிறார்கள். அந்தத் திடீர்ச் சூட்டில் கொஞ்சம் பாக்டீரியாக்கள் மட்டும் பிளாஸ்மிட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலானவை இழுத்துக்கொள்ளாது. அவற்றைக் களைய, பிளாஸ்மிட்டிலேயே ஒரு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவையும் முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். அந்த ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் பரப்பி இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தால், காலையில் தட்டில் முளைத்திருக்கும் வெண்புள்ளி ஒவ்வொன்றும் புதிய மரபணுவை ஏற்றுக்கொண்ட ஒரு பாக்டீரியாவின் லட்சக்கணக்கான வாரிசுகள். நல்ல ஊட்டத்தில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்.

1972-இல் ஸ்டான்ஃபோர்டின் பால் பெர்க் இரண்டு வேறு உயிரிகளின் டி.என்.ஏ.வை முதன்முதலில் இணைத்தார். அந்த ஆண்டின் நவம்பரில் ஹவாயில் நடந்த மாநாட்டில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் சந்தித்தார்கள். ஒருவரிடம் பிளாஸ்மிட், இன்னொருவரிடம் ஈகோ-ஆர்-1. அடுத்த ஆண்டுக்குள் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் மரபணு ஈ.கோலிக்குள் வேலை செய்யத் தொடங்கியது.

உடனே அச்சமும் வந்தது. அதை முதலில் வெளிப்படுத்தியவர்கள் அந்த விஞ்ஞானிகளே என்பது அவர்களுக்குப் பெருமை. சில சோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைத்து, 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் சுமார் 140 பேர் கூடி, எந்தச் சோதனையை எவ்வளவு பாதுகாப்பான அறையில் செய்யலாம் என்று விதிகளை வகுத்தார்கள். ஒரு துறை தன் கையைத் தானே கட்டிக்கொண்டு யோசித்த நிகழ்ச்சி அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

பன்றிக் கணையத்திலிருந்து ஈஸ்ட் தொட்டிக்கு

1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் உலகத்துக்கான இன்சுலின் இறைச்சிக்கூடங்களிலிருந்துதான் வந்தது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தைச் சேகரித்து, உறையவைத்து, அரைத்து, ஆல்கஹாலில் பிரித்தெடுப்பார்கள். கால் கிலோவுக்கும் குறைவான சுத்தமான இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. போதாததற்கு, பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தில் மாறுபடும். மாட்டு இன்சுலின் மூன்றில். சிலருக்கு உடல் ஒத்துக்கொள்ளாது. ஊசி போட்ட இடம் தடித்துவிடும். நோயாளிகள் பெருகப் பெருகக் கணையம் கிடைக்குமா என்ற கவலையும் 1970-களில் எழுந்தது.

மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். 21 கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொரு சங்கிலி, இரண்டையும் பிணைக்கும் கந்தகப் பாலங்கள். இதற்கான மரபணு நம் பதினோராவது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. அதைப் பாக்டீரியாவுக்குள் வைக்க 1978-இல் கடும் போட்டி நடந்தது. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட் குழு மனித மரபணுவையே பயன்படுத்த விரும்பியது. ஆனால், அசிலோமருக்குப் பின் வந்த விதிகளின்படி அந்தச் சோதனைக்கு மிக உயர்ந்த பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். அவர்கள் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ வளாகத்துக்குப் போய்ச் செய்ய வேண்டியிருந்தது. பாயரும் ராபர்ட் ஸ்வான்சனும் தொடங்கிய ஜெனென்டெக் நிறுவனம் வேறு வழி பிடித்தது. சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தின் இடாகுராவும் ரிக்ஸும் அமினோ அமில வரிசையைப் பார்த்து, அதற்குரிய டி.என்.ஏ. எழுத்துகளை ஆய்வகத்திலேயே வேதிப்பொருள்களால் ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்தார்கள். மனித உடலிலிருந்து எடுக்காத டி.என்.ஏ. என்பதால் அந்த விதிகள் அதற்குப் பொருந்தவில்லை.

அடுத்த சிக்கலை அவர்கள் கையாண்ட விதம் இந்தத் துறையின் நுட்பத்துக்கு நல்ல உதாரணம். சின்னப் புரதம் தனியாகக் கிடந்தால் பாக்டீரியா அதைக் குப்பை என்று சிதைத்துவிடும். ஆகவே இன்சுலின் சங்கிலியைப் பாக்டீரியாவின் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலில் சேர்த்து எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே மெத்தியோனின் என்ற ஓர் அமினோ அமிலத்தை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருள் மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் புரதத்தை அறுக்கும். மனித இன்சுலினில் மெத்தியோனின் ஒன்றுகூடக் கிடையாது. அறுத்தால் இன்சுலின் சங்கிலி முழுதாக விடுபடும். இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாக்களில் வளர்த்து, கடைசியில் குழாயில் இணைத்தார்கள். 1978 செப்டம்பரில் அறிவிப்பு. 1982 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஒப்புதல். மரபணுப் பொறியியலில் உருவாகி மனிதர்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் மருந்து அது.

இன்று இந்தியாவிலேயே இன்சுலின் தயாராகிறது. பெங்களூரின் பயோகான் 2004-இல் பிக்கியா என்ற ஈஸ்ட்டை வைத்துச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. தொட்டியில் ஈஸ்ட் வளர்கிறது, இன்சுலினின் முன்வடிவத்தைத் திரவத்துக்குள் விடுகிறது, அதைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். மனித இன்சுலின் நம் நாட்டில் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. அமெரிக்காவின் கதையோ வேறு. இன்சுலினின் நீண்ட சங்கிலியில் 28, 29-ஆம் இடங்களில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, வேகமாக வேலை செய்யும்படி ஆக்கிய லிஸ்ப்ரோ வகை 1996-இல் அங்கே வந்தபோது குப்பி 21 டாலர். சுமார் இருபது ஆண்டுகளில் அதன் பட்டியல் விலை 270 டாலரைத் தாண்டியது. மருந்தும் அதுவே, செய்முறையும் அதுவே. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தவர்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இதே வழியில் வந்தவை இன்னும் பல. குழந்தை பிறந்ததும் போடும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஈஸ்ட்டில் செய்யப்படுவது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் அதை இங்கேயே தயாரித்த பிறகுதான் இறக்குமதி விலை சரிந்து, ஏழைக் குழந்தைகளுக்கும் அது எட்டியது. பாலாடைக்கட்டி செய்யக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டுக்குப் பதிலாக, நுண்ணுயிரியில் செய்த கைமோசின் 1990 முதல் புழங்குகிறது. சைவ உணவுக்காரர்கள் மனச்சங்கடமில்லாமல் சீஸ் சாப்பிட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு மரபணு, மூன்று நாடுகள்

மருந்துத் தொட்டி மூடிய அறைக்குள் இருக்கிறது. வயல் திறந்த வெளி. அங்கே மழை உண்டு, அந்துப்பூச்சி உண்டு, கடன் உண்டு, விதை வியாபாரி உண்டு.

பேசிலஸ் துரின்ஜென்சிஸ் என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. அது ஒரு படிகப் புரதத்தைச் செய்கிறது. அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்றால், காரத்தன்மையுள்ள அதன் குடலில் படிகம் கரைந்து, குடல் சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளைப் பற்றி ஓட்டை போடும், புழு செத்துவிடும். மனிதக் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை. இந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடியிலேயே வைத்துவிட்டால் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. அதுதான் பி.டி. பருத்தி. செடிக்குள் மரபணுவைக் கொண்டுபோகப் பயன்படும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரி, மனிதன் தோன்றுமுன்பே தன் டி.என்.ஏ.வைச் செடிகளுக்குள் செலுத்தித் தண்டில் கழலை உண்டாக்கி வாழ்ந்து வந்திருக்கிறது. விஞ்ஞானிகள் அதன் கழலை மரபணுவை எடுத்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியதை வைத்தார்கள்.

2002 மார்ச்சில் இந்தியா பி.டி. பருத்தியை அனுமதித்தது. சில ஆண்டுகளில் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுவே. முதல் சில பருவங்களில் பலன் தெரிந்தது. மருந்தடிப்பு குறைந்தது, ஹெக்டேருக்கு 300 கிலோ அளவில் இருந்த பஞ்சு மகசூல் 2007-08-இல் 550-ஐ ஒட்டி வந்தது. அதில் பாசனம், உரம், நல்ல மழை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று இன்றும் நிபுணர்கள் வாதிடுகிறார்கள். ஆனால், காய்ப்புழுவிடமிருந்து விவசாயிக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது உண்மை.

பிறகு நடந்ததை அந்த ஆண்டுகளின் விதைப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். உள்ளே 450 கிராம் பி.டி. விதை. கூடவே 120 கிராம் சாதாரண விதை, தனி உறையில். இந்தச் சாதாரண விதையை வயலைச் சுற்றி விதைக்க வேண்டியிருந்தது. அங்கே விஷம் படாத அந்துப்பூச்சிகள் பிழைத்திருக்கும், பி.டி.யைத் தாங்கிப் பிழைத்த ஒன்றிரண்டு பூச்சிகள் இவற்றோடு இணைந்தால், தாங்கும் தன்மை அடுத்த தலைமுறையில் நீர்த்துப்போகும். ஆனால், குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் ஒரு பகுதியைப் புழுவுக்கென்று விட்டுவைக்க எந்த விவசாயிக்குக் கட்டுப்படியாகும்? பெரும்பாலோர் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. அதை ஏன் விதைக்க வேண்டும் என்று அவர்களிடம் உட்கார்ந்து பேசியவர்களும் மிகக் குறைவு. விதையோ ஒட்டுரகம், ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரம்பத்தில் பாக்கெட் 1,600 ரூபாய்க்கும் மேல். ஆந்திர அரசு 2006-இல் வழக்குப் போட்ட பிறகுதான் 750-க்கு இறங்கியது. அந்த ஒட்டுரகங்கள் நிலத்தில் ஆறு மாதத்துக்கும் மேல் நிற்பவை என்பதால், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு நீண்ட விருந்து.

2010-இல் குஜராத்தில் அந்தப் புழு முதல் மரபணுவைத் தாங்கப் பழகிவிட்டது உறுதியானது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் சில ஆண்டுகளில் அது கடந்தது. விவசாயிகள் மறுபடி தெளிப்பானைத் தோளில் மாட்டினார்கள். 2017-இல் விதர்பாவின் யவத்மாலில், ஆள் உயரப் பருத்திக்குள் நின்று கலவை மருந்துகளை அடித்த 20-க்கும் மேற்பட்டவர்கள் நஞ்சேறி இறந்தார்கள்.

அதே மரபணு சீனாவிலும் விதைக்கப்பட்டது. அங்கே ஒட்டுரகத்தின் இரண்டாம் தலைமுறை விதையைப் பயன்படுத்தியதால் வயலிலேயே கால்வாசிச் செடிகள் சாதாரணச் செடிகளாகக் கலந்து வந்தன; தனி உறை தேவைப்படவில்லை; புழு இன்னும் பி.டி.க்கு அடங்கியே இருப்பதாக 2017-இல் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் பி.டி. பருத்தியோடு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவி, 2018-இல் பருத்தி விளையும் பகுதிகளிலிருந்து அந்தப் புழுவையே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். மூன்று நாடுகளிலும் மரபணு ஒன்றேதான். விளைவைத் தீர்மானித்தது அதைச் சுற்றி அமைந்த ஏற்பாடு. யவத்மாலின் சாவுகளுக்கு மரபணுவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், விதைக் கம்பெனியும் மருந்துக் கடையும் கண்காணிக்க வேண்டிய அரசும் தப்பித்துவிடும்.

பி.டி. கத்தரிக்காய் இங்கே நின்றுபோனதைப் பார்க்கும்போதும் இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தது. இயற்கை வேளாண் செயற்பாட்டாளர் நம்மாழ்வார் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். 2010 பிப்ரவரியில் அன்றைய ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை விதித்தார். கத்தரியின் நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்கள் விளையும் மண்ணில் அவசரப்பட வேண்டாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வங்கதேச விவசாயிகள் 2014 முதல் அதையே பயிரிட்டு, மருந்தடிப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்தார்கள். நல்ல மனிதர்களே இரண்டு பக்கமும் நிற்கும் விவகாரம் இது.

ஒரே ஓர் எழுத்து

இப்போது மறுபடியும் பதினோராவது குரோமோசோமுக்கு வருவோம். இன்சுலின் மரபணு இருக்கும் அதே குட்டைக் கையில், கொஞ்சம் தள்ளி, ஹீமோகுளோபினின் ஒரு பாதியைச் செய்யும் மரபணு இருக்கிறது. அதன் தொடக்கத்தில், ஆறாவது அமினோ அமிலத்தின் இடத்தில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே ஜி-டி-ஜி. 300 கோடியில் ஓர் எழுத்து. குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்துவிடுவதால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகும். வட்டமான சிவப்பணு அரிவாளாக வளையும். வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது வரும் எலும்பு வலி, அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டால் தாங்காது. இதுதான் சிக்கிள் செல் ரத்தசோகை. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த எழுத்துப் பிழை வந்தால் நோய் இல்லை; மாறாக, மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. அதனால்தான் மலேரியாக் காடுகளில் வாழ்ந்த மக்களிடம் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. இருவரிடமிருந்தும் வந்தால் நோய்.

இந்தியாவில் இது இருப்பது முதன்முதலில் 1952-இல் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இன்றும் இது உண்டு. பரிசோதனை எளியது. விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சோதனைக் கரைசலில் விட்டுக் குலுக்கி, கோடு போட்ட அட்டைக்கு முன் குழாயைப் பிடிப்பார்கள். குழாய் வழியே கோடுகள் தெரிந்தால் பிரச்சினை இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்ற இலக்கோடு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த நோயின் சிகிச்சையில்தான் மரபணுப் பொறியியலின் புதிய கருவியான கிரிஸ்பர் முதல் வெற்றியைக் கண்டது. அதுவும் பாக்டீரியாவின் தற்காப்பு ஏற்பாடுதான். ஸ்பெயினின் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொஹிகா அதன் பொருளை ஊகித்தார்; தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் 2007-இல் அது நிரூபணமானது. பழைய வெட்டும் நொதிக்கு அதன் ஆறு எழுத்துகளைத் தவிர வேறு இடம் தெரியாது. கிரிஸ்பரின் கேஸ்-9 நொதியோடு 20 எழுத்து கொண்ட ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், அந்த 20 எழுத்துக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப்போய் வெட்டும். இடத்தை மாற்ற ஆர்.என்.ஏ.வை மாற்றினால் போதும். 2012-இல் இதைச் செய்துகாட்டிய டவுட்னாவும் ஷார்பான்டியேயும் 2020-இல் நோபல் பெற்றார்கள்.

2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் ஒப்புக்கொண்ட ‘காஸ்ஜெவி’ சிகிச்சை அந்த எழுத்துப் பிழையைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த பின் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தைப் பிறப்பிக்கும் மூலச் செல்களில் அந்த நிறுத்தத்தை முடக்கினால், கருக்கால ஹீமோகுளோபின் திரும்பவும் ஊறும், அணுக்கள் வளையாது. இதற்கு நோயாளியின் மூலச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வெட்டித் திருத்தி, எலும்பு மஜ்ஜையைக் கீமோ மருந்தால் காலி செய்து, திருத்திய செல்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், அதாவது 18 கோடி ரூபாய்க்கும் மேல்.

செய்யும் திருத்தம் நோயாளியின் ரத்தத்தோடு நின்றுவிடுகிறது, பிள்ளைகளுக்குப் போகாது. இந்த எல்லையைச் சீனாவின் ஹே ஜியான்குய் 2018-இல் மீறினார். கருவையே திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்தார். எந்த நோயும் இல்லாத கருக்கள் அவை. அவருக்கு மூன்றாண்டு சிறை கிடைத்தது. ஒருவரிடம் கேட்டு அவர் உடலைத் திருத்துவதற்கும், கேட்கவே முடியாத தலைமுறைகளைத் திருத்துவதற்கும் நடுவே உள்ள அந்தக் கோட்டை உறுதியாகக் காப்பாற்ற வேண்டும்.

பதினெட்டுக் கோடி ரூபாய் மருந்து கூடலூருக்கு வரப்போவதில்லை. ஆனால், இங்கேயே செய்ய முடியும் என்பதற்குச் சான்று வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேரின் மூலச் செல்களில் சரியான மரபணுவை வைரஸ் மூலம் ஏற்றித் திருப்பிச் செலுத்தியது. உறைபொருள் ஊசியை நம்பியிருந்தவர்கள் அவர்கள். சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் ரத்தக் கசிவு நேரவில்லை என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. டெல்லியில் சி.எஸ்.ஐ.ஆரின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் வேறொரு பாக்டீரியாவின் கேஸ்-9 நொதியைக் கொண்டு சிக்கிள் செல்லுக்கான உள்நாட்டுச் சிகிச்சையை உருவாக்கி வருகிறது. அந்த நுட்பத்தை புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட்டுக்கு வழங்கும் ஏற்பாடு 2025-இல் அறிவிக்கப்பட்டது.

அதுவரை கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை விலை குறைவானது. வலி வரும் தடவைகளைக் கணிசமாகக் குறைக்கும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை நெடுங்காலமாகச் சிக்கிள் செல் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அந்த மாத்திரை ஒரு மாதம்கூடத் தடைபடாமல் மலைக் குடியிருப்பு வரை போய்ச்சேருவதை உறுதிசெய்ய எந்த மரபணு நுட்பமும் தேவையில்லை.

உள்நாட்டு மரபணுச் சிகிச்சை மனிதர்களிடம் சோதிக்கப்படும் நாளில் நீலகிரியின் நோயாளிகளுக்கும் அதில் இடம் வேண்டும். சோதனை முடிந்து மருந்து விலைக்கு வரும்போது, அவர்களுக்கு அது இலவசம் என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட வேண்டும். மஜ்ஜையைக் காலி செய்யும் அந்தக் கீமோ மருந்து குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம். இருபது வயதுப் பணியர் பெண் ஒருத்தியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன், இதை அவளுடைய பணியர் மொழியிலேயே, அவளுக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் எழுந்து போகவும் முடிய வேண்டும்.